பழ வற்றலுக்கு நாள் கணக்குப் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மிஞ்சும் பழங்களை வீட்டிலேயே உலர்த்தி வைத்துக்கொள்வது பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். வாழைத்தார் விலை விழுந்து தோட்டத்திலேயே பழுத்துத் தொங்குகிற, மாம்பழம் கூடை கூடையாக வீடு வந்து சேர்கிற இந்தச் சித்திரையில் அதை வெளியிட்டது நல்ல காரியம். ஆனால் மெல்லியதாக நறுக்கி, மொட்டை மாடியில் மூன்று நாள் காயவைத்து, டப்பாவில் அடைத்தால் ஓராண்டு கெடாது என்பதோடு கட்டுரை முடிந்துவிட்டது. அதை நம்பிச் செய்கிறவர்களில் பலர் அடுத்த மாதமே பூசணம் பூத்த வற்றலைக் குப்பையில் கொட்டிவிட்டு, இதெல்லாம் நமக்கு ஒத்து வராது என்று விட்டுவிடுவார்கள். அப்படி ஆகக்கூடாது என்றே இதை எழுதுகிறோம். கடிதம் நீளமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காங்கேயத்தில் கொப்பரை காயவைப்பவர்களோ ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் காயவைப்பவர்களோ நாளை எண்ணிக் களத்தைக் காலி செய்வதில்லை. கொப்பரையில் ஈரப்பதம் 6 சதத்துக்கு இறங்கியதா என்று பார்க்கிறார்கள். மஞ்சளை ஒடித்துப் பார்த்து, அது முறிகிற சத்தத்தைக் கேட்கிறார்கள். பழத்துக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. அதற்கு வேண்டியது சமையலறைத் தராசு ஒன்றுதான். 1 கிராம் வரை காட்டுவதாக இருந்தால் நல்லது.

தோலும் கொட்டையும் நீக்கிய மாம்பழத் துண்டில் 100க்கு 82 பங்கு தண்ணீர். 1 கிலோ துண்டை எடுத்தால் 820 கிராம் தண்ணீர் போக, பழத்தின் சாரம் வெறும் 180 கிராம். வற்றலில் 18 சதம் ஈரம் மிஞ்சலாம் என்று வைத்துக்கொண்டால், அந்த 180 கிராம் வற்றலின் எடையில் 82 சதமாக இருக்க வேண்டும். 180ஐ 82ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 220 கிராம் வருகிறது. ஆக, 1 கிலோ மாம்பழத் துண்டு 220 கிராமுக்கு வரும்வரை வேலை முடியவில்லை. அது இரண்டு நாளானாலும் சரி, ஐந்து நாளானாலும் சரி. 300 கிராமில் நிறுத்தினால் கைக்குக் காய்ந்ததுபோலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே 100க்கு 40 பங்கு ஈரம் இருக்கிறது. இரண்டு வாரம் தாங்காது.

இதே கணக்கில், தோல் உரித்த வாழைப்பழம் 1 கிலோவுக்கு ஏறக்குறைய 300 கிராம், சப்போட்டா 315, கொய்யா 230, பப்பாளி 140 கிராம் வரும். நெல்லிக்காயை இன்னும் முறுகலாக, 10 சத ஈரத்துக்குக் கொண்டுவர வேண்டும். கொட்டை நீக்கிய 1 கிலோ 180 கிராமாக வேண்டும். பழத்தின் ரகமும் இனிப்பும் மாறும்போது இந்த எண்கள் கொஞ்சம் முன்பின் ஆகும். அதனால் எடை கிட்டே வந்ததும் கையாலும் சோதித்துக்கொள்ள வேண்டும். எல்லாத் தட்டையும் நிறுத்துக்கொண்டிருக்கவும் தேவையில்லை. ஒரு தட்டில் அடையாளம் வைத்து, வெறும் தட்டின் எடையை அதன் விளிம்பிலேயே எழுதி வைத்து, காலை மாலை அதை மட்டும் நிறுத்தால் போதும்.

18 சதத்தில் ஏன் கெடுவதில்லை என்று கேட்கலாம். அரிசியிலோ மஞ்சளிலோ அவ்வளவு ஈரம் இருந்தால் கெட்டுவிடும். பழத்தில் இருக்கும் சர்க்கரை, மிச்சமிருக்கும் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. பூசணத்துக்கு எடுத்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சுவதில்லை. பழனி பஞ்சாமிர்தம் இதற்கு நம் கண்முன் இருக்கும் சான்று. அதில் பழம் ஈரமாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் ஒரு சொட்டும் சேர்ப்பதில்லை. நாட்டுச்சர்க்கரையும் தேனும் ஈரத்தைக் கட்டிப்போடுகின்றன. புளிப்பு மிகுந்து சர்க்கரை குறைந்த நெல்லிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் அதற்கு 10 சதம் என்ற கடுமையான கணக்கு.

அடுத்தது மாதம். வெயில் சுள்ளென்று அடித்தால் போதும் என்று நினைக்கிறோம். பழத்திலிருந்து ஈரத்தை எடுத்துப்போவது காற்று. காற்றுக்கு ஈரத்தை வாங்கிக்கொள்ள இடம் இருக்க வேண்டும். வெட்டவெளியில் பழம் காய, வெப்பம் 30 பாகை செல்சியஸுக்கு மேலும் காற்றின் ஈரப்பதம் 60 சதத்துக்குக் கீழும் இருக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் கொங்கு நாட்டுக்கு இந்த வரம் வாய்த்திருக்கிறது. தை கடைசியிலிருந்து சித்திரை வரை பிற்பகலில் ஈரப்பதம் 40 சதத்துக்கும் கீழே இறங்கும் நாட்கள் பல உண்டு. கடற்கரை ஊர்களில் இதே வெயிலில் இரு மடங்கு நாள் போட்டாலும் பழம் பிசுபிசுப்பாகவே நிற்கும்.

ஆனி பிறந்துவிட்டால் கதை வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் மோடமும் தூறலுமாக இருக்கும். அங்கே வெட்டவெளியில் பழம் போடவே கூடாது. அதே காற்று பல்லடம் தாண்டி, தாராபுரம், மூலனூர் போய்ச் சேரும்போது வறண்டுவிடுகிறது. அங்கே ஆடியிலும் காயவைக்கலாம். ஆனால் புழுதி பறக்கும். மூடிய பெட்டி இல்லாமல் ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் எங்குமே வெட்டவெளி உதவாது. மாம்பழக் காலத்தின் முதல் பாதிதான் நமக்கு நன்றாக உலர்த்தக்கூடிய காலத்தோடு ஒட்டி வருகிறது. பிந்தி வரும் மாம்பழத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறோம்.

இரவு இன்னொரு எதிரி. பகலில் 35 சதமாக இருந்த காற்று விடியற்காலையில் 80 சதத்தைத் தொடும். மாடியிலேயே விட்ட பழம், பகலில் இழந்ததில் ஒரு பகுதியைத் திரும்பக் குடித்துவிடுகிறது. மாலை 5 மணிக்குள் தட்டுகளை உள்ளே கொண்டுவந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, துணி போர்த்தி வைக்க வேண்டும். சூட்டோடு சூடாக எவர்சில்வர் அண்டாவில் போட்டு மூடுகிறவர்கள் உண்டு. மூடியின் உட்பக்கம் வேர்த்துச் சொட்டி, அந்த நாளின் உழைப்பு முழுவதும் வீணாகும்.

தட்டைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தையும் இல்லை. அலுமினியத் தாம்பாளம் வேண்டாம். பழத்தின் புளிப்பு அதை அரிக்கும், வற்றலில் உலோக ருசி ஏறும். ஜி.ஐ. வலையும் வேண்டாம், அதன் துத்தநாகப் பூச்சு புளிப்பில் கரையும். எவர்சில்வர் கம்பி வலையோ, உணவுக்கு ஏற்ற நைலான் வலையோ மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டினால் நல்லது. இல்லாவிட்டால், துவைத்துக் கஞ்சி போடாத வெள்ளை வேட்டியைக் கயிற்றுக் கட்டிலில் விரித்தாலும் நன்றாகவே காயும். எதுவானாலும் தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். மாடித் தளத்தில் பாயை விரித்துப் போட்டால் அடிப்பக்கம் வேகும், காயாது.

மேலே போர்த்தக் கரூரில் நெய்யும் கொசுவலைத் துணி மிகப் பொருத்தமானது. ஈ உட்காராது, காற்றும் தடைப்படாது. வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும். கொசுவைக் கொல்ல நூலிலேயே பூச்சிமருந்து சேர்த்த வலைகளும் சந்தையில் இருக்கின்றன. அவை உணவின் பக்கமே வரக்கூடாது. வலை பழத்தில் படாதபடி நான்கு மூலையிலும் குச்சி நட்டுக் கூடாரம்போலக் கட்ட வேண்டும். ஈரப் பழத்தில் வலை ஒட்டினால் ஈ அதன்மேலேயே உட்கார்ந்து முட்டையிடும்.

ஒரு சதுர அடித் தட்டுக்கு 350 முதல் 400 கிராம் துண்டுக்கு மேல் பரப்பக்கூடாது. துண்டும் துண்டும் தொடக்கூடாது. 10 கிலோ மாம்பழம் வாங்கினால், தோலும் கொட்டையும் போக 6 கிலோ சுமார் கிடைக்கும்; அதற்கு 16 சதுர அடி வேண்டும். தட்டு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பழம் நறுக்குவதுதான் முறை. பலர் நறுக்கிய பிறகு இடம் போதாமல் நெருக்கிப் பரப்பி, முதல் நாளே புளிக்க வைத்துவிடுகிறார்கள்.

துண்டின் தடிமன் 5 முதல் 6 மில்லிமீட்டர். அதைவிட முக்கியம், எல்லாத் துண்டும் ஒரே தடிமனாக இருப்பது. ஒரு தட்டில் 4 மில்லிமீட்டரும் 8 மில்லிமீட்டரும் கலந்து கிடந்தால், மெல்லியது கருகும்போது தடித்தது ஈரமாக இருக்கும். எடைக் கணக்கு மொத்தத்துக்குச் சரியாக வந்துவிடும்; ஆனால் டப்பாவுக்குள் அந்தத் தடித்த துண்டிலிருந்துதான் பூசணம் கிளம்பும்.

நறுக்கிய பழம் கறுப்பது, பழத்தில் இருக்கும் நொதி ஒன்று காற்றோடு சேர்வதால். இது கெடுதல் அல்ல, நிறம்தான் போகும். 1 லிட்டர் தண்ணீரில் 200 மில்லி எலுமிச்சைச் சாறு கலந்து 5 நிமிடம் துண்டுகளை முக்கி எடுத்து வடியவிட்டால் பெருமளவு தடுக்கலாம். உணவுக்கான வைட்டமின் சி தூள் கிடைத்தால் அரை லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம். 3 முதல் 5 நிமிடம் போதும். எலுமிச்சையைவிட இது நன்றாக வேலை செய்யும், பழத்தின் ருசியையும் மாற்றாது. கடை வற்றல்போலப் பளீரென்று வேண்டும் என்பவர்கள் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்ற கந்தகச் சேர்மத்தை 1 லிட்டருக்கு 2 கிராம் கரைத்து 10 நிமிடம் ஊறவைப்பார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கந்தகச் சேர்மம் மூச்சுத்திணறலைக் கொண்டுவரக்கூடும் என்பதால், வீட்டுக்கென்று செய்யும்போது அது தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. பிறருக்குக் கொடுப்பதானால் சேர்த்ததைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். கொப்பரைக்குப் போடுவதுபோல் கந்தகத்தைக் கொளுத்திப் புகை காட்டும் வேலையை மட்டும் வீட்டில் யாரும் செய்யவேண்டாம்.

இனி ஒவ்வொரு பழமாக.

வாழையில்தான் நம் பகுதிக்கு வேலை அதிகம். சத்தியமங்கலம், கோபிப் பக்கம் விளையும் நேந்திரனும் கதளியும் இதற்கு நல்ல ரகங்கள். நேந்திரன் பொன்னிறமாக நிற்கும், கதளி இனிப்பு ஏறிப் பேரீச்சைபோல் ஆகும். பூவனில் மெல்லிய புளிப்பு வரும், அதை விரும்புபவர்கள் உண்டு. ரொபஸ்டா எவ்வளவு பார்த்துச் செய்தாலும் கறுக்கும். தோலில் பச்சை முழுவதும் போய் இரண்டொரு கரும்புள்ளி விழுந்த பக்குவம் வேண்டும். பச்சை ஓரம் இருந்தால் மாவுச்சத்து சர்க்கரையாகியிருக்காது. வற்றல் கட்டைபோல் இருக்கும், துவர்க்கும். மிகவும் கனிந்துவிட்டால் தட்டில் ஒட்டி வழியும். வட்டமாக நறுக்குவது எளிது, சீக்கிரம் காயும். நெடுநாள் வைக்கவும் மென்று தின்னவும், நீளவாக்கில் இரண்டாக அல்லது நான்காக வகிர்ந்து காயவைப்பதே சிறந்தது. ஆனால் தடிமன் கூடுவதால் நல்ல பங்குனி வெயிலிலும் நான்கு, ஐந்து நாள் பிடிக்கும். இரண்டாம் நாள் மாலை திருப்பிப் போட வேண்டும். முதல் நாளே திருப்பினால் கூழாகும். தோலோடு 10 கிலோ பழம் 2 கிலோவுக்குச் சற்று மேல் வற்றலாகும். அதற்கு மேல் 3 கிலோ கிடைத்தது என்று யாராவது மகிழ்ந்தால், மிச்சம் தண்ணீர்தான்.

மாம்பழத்தில் சதை கெட்டியாகவும் நார் குறைவாகவும் இருக்க வேண்டும். கிளிமூக்கும் செந்தூராவும் துண்டு போட ஏற்றவை. சேலத்து மல்கோவா தின்ன அருமை, சாறு மிகுதி. துண்டாகக் காயவைத்தால் நெடுநேரம் இழுக்கும். கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழத்தை வாங்கினால் மோசம் போவீர்கள். தோல் மஞ்சளாக இருக்கும், கொட்டையை ஒட்டிய சதை வெளுத்துப் புளிக்கும். காயும்போது அந்தப் புளிப்பு பல மடங்காகத் தெரியும். கார்பைடு கல் சட்டப்படியே தடை செய்யப்பட்டது என்பதையும் நினைவில் வைக்கலாம்.

நார் மிகுந்த நாட்டு மாம்பழத்தையும் கனிந்து குழைந்ததையும் கூழாக்கி வடிகட்டி, ஏடாகக் காயவைக்கலாம். 2 கோப்பைக் கூழுக்கு 2 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்து, நெய் தடவிய எவர்சில்வர் தட்டில் ஊற்ற வேண்டும். நடுவில் 3 மில்லிமீட்டர், ஓரத்தில் 6 மில்லிமீட்டர் இருக்கும்படி ஊற்றுவதுதான் இதில் உள்ள நுணுக்கம். ஓரம் எப்போதும் முந்திக் காயும். சமமாக ஊற்றினால் ஓரம் நொறுங்கும்போது நடு பிசுபிசுக்கும். நடுவில் விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் இருக்க வேண்டும், உரித்தால் முழுதாக வரவேண்டும். கொய்யாவையும் இப்படியே செய்வது நல்லது. துண்டாகக் காயவைத்தால் விதை பல்லை உடைக்கும்.

சப்போட்டாவை நன்றாகக் கனிந்த பிறகே எடுக்க வேண்டும். அரைப் பழுப்பில் இருக்கும் பாலும் துவர்ப்பும் காய்ந்த பிறகு நாக்கைப் பிடிக்கும். தோலும் விதையும் நீக்கி நான்காக வகிர்ந்தால் போதும், எலுமிச்சை நீர் வேண்டியதில்லை; அதன் நிறமே பழுப்பு. பப்பாளி நிறம் ஏறியும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். 1 கிலோ 140 கிராம்தான் ஆகும் என்பதால் எரிபொருள் செலவு செய்து காயவைக்கக் கட்டாது, வெயிலுக்குத்தான் சரி. திராட்சையின் தோலில் மெழுகுப் பூச்சு இருப்பதால் அப்படியே போட்டால் வாரக்கணக்கில் காயாது. கொதிநீரில் அரை நிமிடம் முக்கி உடனே குளிர்நீரில் போட்டால் தோலில் மெல்லிய கீறல் விழும், ஈரம் வெளியேற வழி கிடைக்கும். தொண்டாமுத்தூர்ப் பக்கத்துப் பன்னீர் திராட்சையில் விதை உண்டு. பாயசத்துக்குப் போடுகிற உலர்திராட்சைபோல் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நெல்லிக்காயை ஆவியில் 5 முதல் 8 நிமிடம் வைத்தால் சுளை தானாகப் பிரியும். 1 கிலோ சுளைக்கு 30 கிராம் உப்புப் பிரட்டி, நேர்வெயிலில் அல்லாமல் காற்றோட்டமுள்ள நிழலிலோ கறுப்புத் துணி மறைத்த பெட்டியிலோ காயவைக்க வேண்டும். வைட்டமின் சி வெளிச்சத்திலும் சூட்டிலும் அழிகிறது. நெல்லியில் உள்ள துவர்ப்புச் சத்து அதை ஓரளவு காப்பாற்றும் என்றாலும், மூன்று நாள் உச்சிவெயிலில் வாட்டினால் மிஞ்சுவது புளிப்பு மட்டுமே.

ஆனிக்குப் பிறகு என்ன செய்வது என்பதற்கு வருகிறோம். 30 பாகையில் 60 சத ஈரம் உள்ள காற்றை 50 பாகைக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 20 சதமாகிவிடும். தண்ணீர் எங்கும் போகவில்லை, சூடான காற்றுக்கு இன்னும் குடிக்க இடம் கிடைத்துவிட்டது. மின் உலர்த்தியும் சூரியப் பெட்டியும் இந்த ஒரு விதியில்தான் ஓடுகின்றன. மழைக்காலத்திலும் மின் உலர்த்தி காயவைப்பது இதனால்தான்.

சூரியப் பெட்டியை ஊர்த் தச்சரே செய்து தருவார். 3 அடி நீளம், 2 அடி அகலம், உள்ளே ஒரு வலைத்தட்டு, அதன் அடியில் கறுப்புப் பூசிய தகடு, மேலே கண்ணாடி அல்லது பாலிகார்பனேட் தகடு. நம் ஊர்கள் 11 பாகை வட அட்சத்தை ஒட்டி இருப்பதால் மேல்தகடு தெற்கு நோக்கி 11 முதல் 15 பாகை சாய்ந்திருந்தால் போதும். முன்பக்கம் அடியில் காற்று நுழையவும் பின்பக்கம் உச்சியில் வெளியேறவும் வரிசையாகத் துளை, இரண்டுக்கும் வலை. இதில் ஒரு தடவைக்கு 2 கிலோவிலிருந்து இரண்டேகால் கிலோ துண்டு போடலாம். சூடு ஏறட்டும் என்று துளைகளை அடைப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அடைத்த பெட்டியில் பழம் தன் ஈரத்திலேயே வெந்து, மறுநாள் கள்ளு வாடை அடிக்கும். கண்ணாடியின் உட்பக்கம் துளித்துளியாக வேர்த்தால், துளை போதவில்லை என்று பொருள்.

வேளாண்மைப் பொறியியல் துறையின் மானியத்தில் அமைத்த சூரிய கூடார உலர்த்திகள் தென்னை விவசாயிகள் பலரிடம் இருக்கின்றன. கொப்பரை இல்லாத நாளில் அவற்றில் பழம் போடலாம். தட்டை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவிய பிறகே போட வேண்டும். எண்ணெய்ச் சிக்கு வாடையைப் பழம் உடனே இழுத்துக்கொள்ளும். உச்சிவேளையில் கூடாரத்தின் சூடு 60 பாகையைத் தாண்டாதபடி காற்றுப்போக்கியைத் திறந்துவிட வேண்டும்.

மின் உலர்த்தி வாங்குபவர்கள் விசிறியும் வெப்பக் கட்டுப்பாடும் உள்ளதாகப் பார்க்க வேண்டும். 57 முதல் 60 பாகை. 6 மில்லிமீட்டர் வாழை, மாம்பழத் துண்டுகளுக்கு 8 முதல் 12 மணி நேரம். 500 வாட் கருவி 12 மணி ஓடினால் அதிகபட்சம் 6 யூனிட். பாதி நேரத்தில் தட்டுகளை மேல்கீழ் மாற்றி வைக்க வேண்டும். கேக் சுடும் அடுப்பில் பல மாதிரிகளுக்கு இவ்வளவு குறைந்த சூடு வைக்க முடியாது. மைக்ரோவேவ் அடுப்பு இந்த வேலைக்கே ஆகாது.

சூட்டைக் கூட்டினால் சீக்கிரம் முடியும் என்று 80 பாகையில் தொடங்கக்கூடாது. துண்டின் மேற்புறம் சட்டென்று காய்ந்து தோல்போல் இறுகிவிடும். உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியே வர வழி அடைபடும். தொட்டுப் பார்த்தால் மொறுமொறுப்பு, கிழித்துப் பார்த்தால் ஈரம். நாள்பட்ட வற்றல் உள்ளிருந்து கெடுவதற்கு முதல் காரணம் இதுதான். இப்படி ஆனதை எடை காட்டிக்கொடுத்துவிடும்: கைக்குக் காய்ந்திருக்கும், எடை மட்டும் குறையாமல் நிற்கும்.

எடை வந்ததும் நாலைந்து துண்டை எடுத்து ஆறவிட்டுச் சோதிக்க வேண்டும். சூட்டில் எல்லாமே மெத்தென்றுதான் இருக்கும். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கித் திறந்தால் துண்டுகள் தனித்தனியாக உதிர வேண்டும். ஒன்றைக் கிழித்தால் கிழிந்த ஓரத்தில் ஈரம் பளபளக்கக் கூடாது.

இத்தோடு அடைத்துவிடலாமா என்றால், இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. கட்டுரை முழுவதுமாக விட்டுவிட்ட படி இது. ஆறிய வற்றலைக் கண்ணாடிச் சாடியில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி மூடி, 7 முதல் 10 நாள் தினமும் ஒருமுறை குலுக்க வேண்டும். ஈரமான துண்டில் இருப்பதைக் காய்ந்த துண்டு வாங்கிக்கொண்டு எல்லாம் ஒரே பதத்துக்கு வரும். சாடியின் உட்சுவரில் பனிபோல் ஈரம் படிந்தால் உடனே வெளியே கொட்டித் திரும்பக் காயவைக்க வேண்டும். அதற்காகத்தான் கண்ணாடி; எவர்சில்வர் டப்பாவில் இது தெரியாது.

வெட்டவெளியில் காய்ந்ததற்கு இன்னொரு வேலையும் உண்டு. அந்துப்பூச்சியும் வண்டும் இட்ட முட்டை கண்ணுக்குத் தெரியாது. மாதம் ஒன்றானதும் சாடிக்குள் நூலாம்படையும் புழுவும் கிளம்பும்போது, டப்பா சரியில்லை என்று நினைப்போம். முட்டை மாடியிலேயே வந்துவிட்டது. வற்றலைப் பையில் கட்டி, மைனஸ் 18 பாகை உள்ள உறைபெட்டியில் 48 மணி நேரம் வைத்தால் முட்டை அழியும். அல்லது 70 பாகை சூட்டில் அரை மணி நேரம். எடுத்த பையை அறைச் சூட்டுக்கு வந்தபிறகே திறக்க வேண்டும். முன்னாலே திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் வற்றலில் படியும்.

ஓராண்டு கெடாது என்ற வாக்கு குளிர்ந்த நாட்டுக்கு உரியது. 15 பாகை இடத்தில் ஓராண்டு நிற்கும் பழ வற்றல் 27 பாகையில் ஆறு மாதம்தான். சித்திரையில் நம் வீட்டுக்குள்ளேயே 33, 34 பாகை. அலமாரியில் மூன்று, நான்கு மாதம் என்றும், அதற்கு மேல் குளிர்பதனப் பெட்டி என்றும் வைத்துக்கொள்வதே நேர்மையான கணக்கு. பெரிய சாடி ஒன்றைவிட 200, 250 கிராம் கொள்ளும் சிறு சாடிகள் நல்லவை. திறக்கும் ஒவ்வொரு தடவையும் காற்றின் ஈரம் உள்ளே போகிறது. நாட்டுச்சர்க்கரையைத் தூவி அடைப்பதும் வேண்டாம். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வற்றலைக் கசியவைக்கும்.

ஒரு துண்டில் பூசணம் கண்டால் அந்தச் சாடி முழுவதையும் கொட்டிவிட வேண்டும். சுரண்டி எடுத்து, கழுவி, மறுபடி காயவைத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் வழக்கத்தை மன்றாடித் தடுக்க விரும்புகிறோம். சில பூசணங்கள் விடும் நச்சு வெயிலில் போகாது, கொதித்தாலும் போகாது. சர்க்கரை நோயாளிகள் உள்ள வீட்டில் இன்னொன்று: 30 கிராம் வாழை வற்றல் என்பது 100 கிராம் வாழைப்பழம், வாய்க்குச் சிறியதாகத் தெரிவதால் அளவு தப்பும்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு இணைப்பில், மேலே சொன்ன எடைக் கணக்கையும் ஒரு வாரச் சாடிச் சோதனையையும் மட்டுமாவது கட்டம் கட்டி வெளியிடுங்கள். சென்ற வாரம் நறுக்கிப் போட்டவர்கள் இன்னும் அடைத்திருக்க மாட்டார்கள். இரண்டாவது, பவானிசாகர் அணையின் நீர்மட்டத்தைத் தினமும் அச்சிடுகிறீர்கள். அதன் பக்கத்திலேயே காலை, பிற்பகல் இரு வேளையின் காற்று ஈரப்பதத்தையும் ஒரு வரியில் போடுங்கள். பழத்துக்கு மட்டுமல்லாமல் கொப்பரைக்கும் மஞ்சளுக்கும் மிளகாய்க்கும் களத்தில் நிற்கிற எல்லோரும், காலையில் தட்டை எடுத்து வெளியே வைக்கலாமா வேண்டாமா என்று அந்த ஒரு வரியைப் பார்த்து முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
பழம் உலர்த்தும் தொழிலில் உள்ள வாசகர்கள்,
கோபிசெட்டிபாளையம் வட்டம்.